பறவைக் காய்ச்சல்: வாத்துக் குளத்திலிருந்து மனித நுரையீரல் வரை, முழுமையான வழிகாட்டி

ஆலப்புழைப் பக்கம் வாத்துகள் செத்தன என்று செய்தி வந்தால் போதும், நாமக்கல்லில் முட்டை விலை ஆட்டம் காணும். "கோழி சாப்பிடாதீர்கள்" என்று ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பிக்கும். அதே வாரம் ஏதோ ஒரு கிராமத்தில், நேற்றிலிருந்து தூங்கி விழுந்துகொண்டிருக்கும் நாட்டுக்கோழியை "சாகறதுக்குள்ள அறுத்துடலாம்" என்று ஒருவர் வெறுங்கையால் அறுத்து, இறகு பிடுங்கி, குடலை வாய்க்காலில் வீசிக்கொண்டிருப்பார். அதைப் பற்றி எந்தக் குரல் பதிவும் வராது.

நன்றாக வெந்த கோழிக்குழம்பால் யாருக்கும் பறவைக் காய்ச்சல் வருவதில்லை. நோயுள்ள உயிர்ப்பறவை, அதன் எச்சம், இரத்தம், இறகு, அது நின்ற தண்ணீர் ஆகியவைதான் ஆபத்து. நாம் பயப்படுவது தட்டில் இருப்பதைப் பார்த்து. பயப்பட வேண்டியதோ கூண்டையும் கறி வெட்டும் கட்டையையும் பார்த்து. வைரஸ் போகும் பாதையிலேயே நாமும் போய், எந்தெந்த இடத்தில் அதை மறிக்கலாம் என்று பார்ப்போம்.

படி 1: வைரஸைத் தெரிந்துகொள்ளுங்கள்

பறவைக் காய்ச்சலுக்குக் காரணம் இன்ஃப்ளூயன்சா, அதாவது ஃப்ளூ வைரஸ். இதில் ஏ, பி, சி, டி என்று நான்கு வகை உண்டு. பறவைகளிடம் இருப்பது ஏ வகை மட்டும். உலகம் முழுக்கப் பரவும் பெருந்தொற்றுகளைக் கிளப்பியதும் இதே ஏ வகைதான்.

இந்த வைரஸின் மேற்பரப்பில் இரண்டு புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஹீமாக்ளூட்டினின் என்பது செல்லின் மேல் ஒட்டி உள்ளே நுழைய. நியூராமினிடேஸ் என்பது உள்ளே பெருகிய புது வைரஸ்கள் செல்லின் பிடியை அறுத்துக்கொண்டு வெளியேற. முதலாவதில் 16 வகையும் இரண்டாவதில் 9 வகையும் பறவைகளிடம் நெடுங்காலமாகப் பதிவாகியுள்ளன. எச்5என்1, எச்5என்8, எச்9என்2 என்று செய்தித்தாளில் வரும் எண்களுக்கு இதுதான் கணக்கு: எச் என்பது முதல் புரதம், என் என்பது இரண்டாவது. டாமிஃப்ளூ என்று கடையில் கிடைக்கும் ஒசெல்டாமிவிர் மாத்திரை அந்த நியூராமினிடேஸைத்தான் முடக்குகிறது. வைரஸ் வெளியேறும் வழி அடைபடுகிறது.

உள்ளே இருக்கும் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. அது ஒரே இழையாக இல்லாமல் 8 துண்டுகளாக இருக்கிறது. பிரதி எடுக்கும்போது வரும் பிழைகளைத் திருத்தும் ஏற்பாடு இந்த வைரஸுக்குக் கிடையாது. அதனால் ஒவ்வொரு தலைமுறையும் கொஞ்சம் மாறிப் பிறக்கும். ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசியை மாற்ற வேண்டியிருப்பது இதனால்தான். இன்னொரு வகை மாற்றமும் உண்டு. ஒரே பன்றிக்கோ மனிதருக்கோ பறவை வைரஸும் மனித வைரஸும் ஒரே சமயத்தில் தொற்றினால், இரண்டு சீட்டுக்கட்டை ஒன்றாகக் கலைத்துப் போட்டது போல 8 துண்டுகளும் கலந்து புதிதாக ஒன்று வெளிவரலாம். 1957லும் 1968லும் உலகைச் சுற்றிய வைரஸ்கள் பறவைத் துண்டுகளும் மனிதத் துண்டுகளும் கலந்து பிறந்தவைதான். 2009இல் பன்றிகளிடமிருந்து வந்த எச்1என்1இலும் பன்றி, பறவை, மனிதர் என்று மூவரிடமிருந்து வந்த துண்டுகள் இருந்தன.

வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. சோப்பு பட்டால் கிழிந்துவிடும். சூடு, பிளீச்சிங் பவுடர், வெயில் எதையும் அது தாங்காது. அதற்குப் பிடித்தது குளிரும் ஈரமும். பறவை எச்சத்தில் 4 டிகிரி குளிரில் 35 நாள் வரை உயிர்ப்போடு இருந்திருக்கிறது. 37 டிகிரி வெப்பத்தில் ஆறு நாள். ஆறு நாளும் கொஞ்சமில்லை.

படி 2: அது எங்கிருந்து கிளம்புகிறது?

இந்த வைரஸின் சொந்த ஊர் நீர்ப்பறவைகளின் குடல். காட்டு வாத்துகள், ஆலாக்கள், கடற்காகங்கள், உள்ளான்கள் ஆகியவற்றிடம் பல வகை இன்ஃப்ளூயன்சா பெரிய தொந்தரவு எதுவும் கொடுக்காமல் குடியிருக்கிறது. எச்சத்தோடு தண்ணீரில் கலக்கும். அதே தண்ணீரை இன்னொரு பறவை குடிக்கும்.

கோழிப் பண்ணைக்குள் நுழைந்ததும் கதை மாறுகிறது. ஆயிரக்கணக்கான கோழிகள் நெருக்கமாக, ஒரே மரபில், ஒரே கூரைக்குக் கீழே. சாதுவாக வந்த எச்5 அல்லது எச்7 வகை அங்கே கொடிய வகையாக மாறலாம். ஹீமாக்ளூட்டினின் வேலை செய்ய, உடலின் நொதி ஒன்று அதை வெட்டித் தர வேண்டும். சாதாரண வகையை வெட்டும் நொதி மூச்சுக்குழாயிலும் குடலிலும் மட்டும் இருப்பதால் நோயும் அங்கேயே நின்றுவிடும். கொடிய வகையில் அந்த வெட்டுமிடம் மாறிப்போய், உடல் முழுதும் இருக்கும் ஃப்யூரின் என்ற நொதியே வெட்டிவிடும். அப்போது மூளை, இதயம், கணையம் என்று எதுவும் தப்பாது.

இன்று உலகைச் சுற்றும் எச்5என்1இன் மூதாதை 1996இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ஒரு வளர்ப்புப் பெருவாத்திடம் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தனர். ஊரிலிருந்த கோழிகளையெல்லாம் கொன்றுதான் அதை நிறுத்தினார்கள். 2005இல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் ஆயிரக்கணக்கான காட்டுப்பறவைகள் செத்து மிதந்தன. அவற்றில் வரித்தலை வாத்துகள் நிறைய. இமயத்தைத் தாண்டிப் பறக்கும் அந்த இனம் குளிர்காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்கும் வரும்.

இதைப் படித்ததும் வேடந்தாங்கலையும் கோடிக்கரையையும் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். பண்ணைக் கோழிகளிடமிருந்துதான் கொடிய வகை காட்டுப்பறவைக்கே போனது என்பதை மறக்கக் கூடாது. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பறவை கொண்டுவரலாம். ஒரு பண்ணையிலிருந்து பக்கத்துப் பண்ணைக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் மனிதர்தான். லாரிச் சக்கரம், செருப்பு, திரும்பத் திரும்பச் சுற்றும் முட்டை அட்டை, கூண்டு, கோழி எரு எல்லாம் நம் வேலைதானே.

காட்டுக்கும் பண்ணைக்கும் நடுவில் நிற்பது வளர்ப்பு வாத்து. ஆலப்புழைப் பக்கத்துக் குட்டநாட்டில் அறுவடை முடிந்த வயலில் வாத்துக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். நம் டெல்டாவிலும் வட மாவட்டங்களிலும் இதே வழக்கம் உண்டு. சிந்திய நெல்லும் நத்தையும் வாத்துக்குத் தீனி, வயலுக்கு எரு, வலசைப் பறவைக்கும் அதே வயலில் இரை. வைரஸுக்கு இதைவிட வசதியான சந்திப்பு கிடையாது. வைரஸின் சில வகைகள் தொற்றினால் வாத்துகள் நோய் காட்டாமலே அதை எச்சத்தில் கழித்துக்கொண்டிருக்கும் என்பது இன்னும் சிக்கல். கேரளத்தில் 2014, 2016, 2021, 2024 என்று ஆலப்புழை திரும்பத் திரும்ப அடிவாங்குவதற்கு இந்த நிலஅமைப்புதான் முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். அங்கே நோய் வரும்போதெல்லாம் வாளையாறு, புளியரை, களியக்காவிளைச் சோதனைச் சாவடிகளில் லாரிச் சக்கரங்களுக்கு மருந்தடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெறும் சடங்கு என்று தோன்றும். இல்லை, சக்கரம் நிஜமான வழி.

படி 3: நோயைக் கோழியிடம் அடையாளம் காணுங்கள்

கொடிய வகை தொற்றிய கொட்டகையில் முதல் அறிகுறியே சாவுதான். நேற்று நன்றாகத் தின்ற கோழிகள் இன்று காலையில் கொத்தாகக் கிடக்கும். ஓரிரு நாளில் கொட்டகையே காலியாகலாம். செத்துப்போகாமல் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும் கோழிகளிடம் பார்க்க வேண்டியவை:

- கொண்டையும் தாடியும் வீங்கி நீலம் பாரித்தல்
- கண்ணைச் சுற்றியும் தலையிலும் வீக்கம்
- இறகில்லாத கால் பகுதியில் சிவந்த இரத்தத் திட்டுகள்
- முட்டை திடீரெனக் குறைதல், தோல்முட்டை (ஓடில்லாமல் சவ்வோடு வரும் முட்டை)
- பச்சைக் கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்துத் திருகல்

இங்கே ஒரு குழப்பம் வரும். நாட்டுக்கோழி வளர்ப்பவர் எவருக்கும் தெரிந்த வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிகெட் நோய், இதே போலத்தான் இருக்கும். கழுத்துத் திருகல், பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், கும்பலாகச் சாவு எல்லாம் அதிலும் உண்டு. ஊரில் கோழிகள் செத்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். கண்ணால் பார்த்து எது என்று பிரிக்க அனுபவமுள்ள மருத்துவராலும் முடியாது. ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். அதனால் வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசியை ஒழுங்காகப் போட்டுவிடுங்கள். கோழி பிழைப்பது ஒரு லாபம். தடுப்பூசி போட்ட கோழிகளே கும்பலாகச் செத்தால் வேறு ஏதோ வந்திருக்கிறது என்று சந்தேகிக்க ஒரு காரணம் கிடைப்பது இன்னொரு லாபம்.

கோழி மட்டுமல்ல. தெருவில் நாலைந்து காகங்கள் ஒரே நாளில் விழுந்து கிடந்தாலும், குளத்தில் நாரைகள் செத்து மிதந்தாலும் அது சேதிதான். 2021 தொடக்கத்தில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் காகங்கள்தான் முதலில் காட்டிக்கொடுத்தன.

படி 4: சந்தேகம் வந்த முதல் ஒரு மணி நேரம்

1. செத்த கோழியைத் தொடாதீர்கள். குழந்தைகளையும் நாயையும் பூனையையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.
2. மிச்சமுள்ள கோழிகளைக் கூண்டுக்குள் அடையுங்கள். விற்காதீர்கள், உறவுக்காரருக்குக் கொடுக்காதீர்கள், அறுக்காதீர்கள்.
3. உள்ளூர் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், அல்லது கால்நடைத் துறையின் 1962 எண்ணை அழையுங்கள்.
4. அங்கே போட்டிருந்த செருப்பு, உடையோடு இன்னொரு பண்ணைக்கோ சந்தைக்கோ போகாதீர்கள்.

கால்நடை மருத்துவர் எடுக்கும் மாதிரி கடைசியில் போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வு நிறுவனத்துக்குப் போகும். உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருக்கும் வளர்ப்புப் பறவைகள் கொல்லப்படும். பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பு நடக்கும். இந்தியாவில் இப்படி முதல் முறை நடந்தது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிரத்தின் நவாபூரில்.

இந்த ஒரு கிலோமீட்டர்தான் பலரையும் வாய் மூட வைக்கிறது. நோயே இல்லாத பக்கத்து வீட்டுக் கோழியும் போகும், ஊரே திட்டும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். இழப்பீடு கிடைப்பது அரசு கொல்லும் கோழிகளுக்கு. முன்பே நோயில் செத்தவற்றுக்கு இல்லை. ஆக, தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் கையிலிருந்துதான் போகிறது. இழப்பீட்டுத் தொகை சந்தை விலையை எட்டுவதில்லை, கைக்கு வரவும் நாளாகிறது என்ற குறை எல்லா மாநிலத்திலும் கேட்கிறது. அந்தக் குறை தீராமல் "உடனே சொல்லுங்கள்" என்று விவசாயியிடம் மட்டும் உபதேசம் செய்வது அரைகுறை வேலை.

கோழிக்குத் தடுப்பூசி போட்டால் என்ன என்று கேட்கலாம். சீனா, எகிப்து போன்ற நாடுகள் போடுகின்றன. பிரான்ஸ் 2023 அக்டோபரிலிருந்து வாத்துகளுக்குப் போடுகிறது. இந்தியாவில் கொடிய வகைக்கு எதிராகப் போட அனுமதி இல்லை. அவ்வளவு கொடூரமில்லாத எச்9என்2க்கு மட்டும் உண்டு. தடுப்பூசி போட்ட கோழி சாகாமலே வைரஸைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பலாம், கண்டுபிடிப்பது கடினமாகும் என்பது மறுப்பவர்களின் வாதம். ஏற்றுமதிச் சிக்கலும் இருக்கிறது.

படி 5: வருமுன் வாசலை அடைத்துவிடுங்கள்

பெரிய பண்ணைக்காரர்களுக்கு இது தெரிந்த பாடம்: வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி, கொட்டகைக்கென்று தனிச் செருப்பும் உடையும், காகமும் சிட்டும் நுழையாத வலை, குளோரின் கலந்த குடிநீர், ஒரு கொட்டகையில் ஒரே வயதுக் கோழிகள், விற்று முடித்ததும் கழுவிச் சில நாள் காலியாகப் போடுதல். தெரிந்தாலும் நழுவும் இடங்கள் மூன்று. ஒன்று, பண்ணை பண்ணையாகச் சுற்றும் முட்டை அட்டைகள். காகித அட்டையைக் கழுவ முடியாது, பிளாஸ்டிக் என்றால் மருந்தில் முக்கி எடுக்கலாம். இரண்டு, வேலையாட்கள் தங்கள் வீட்டில் வளர்க்கும் நாட்டுக்கோழி. பண்ணையில் வேலை செய்பவர் வீட்டில் கோழி வளர்க்கக் கூடாது என்று சொல்வதானால் அதற்கு ஈடாக ஏதாவது கொடுக்க வேண்டும். மூன்று, கோழி எரு. லாரியில் மூடாமல் ஏற்றி வழியெல்லாம் தூவிக்கொண்டே தென்னந்தோப்புக்குக் கொண்டுபோவதை எந்த நெடுஞ்சாலையிலும் பார்க்கலாம். எருவைக் குவித்து, மூடிவைத்து, உள்ளே சூடேறி மக்கிய பிறகு அனுப்புவதுதான் சரி.

வீட்டில் பத்துக் கோழி வளர்ப்பவருக்கு இத்தனை தேவையில்லை. கோழியும் வாத்தும் ஒன்றாக வேண்டாம். ஏரித் தண்ணீரில் விட வேண்டாம். தீனியையும் தண்ணீரையும் கூரைக்குக் கீழே வையுங்கள், மேலே பறப்பவை எச்சமிடாது. சந்தையில் வாங்கிய புதுக் கோழியை இரண்டு வாரம் தனியாக அடைத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றோடு விடுங்கள். கூண்டைக் கூட்டும்போது முதலில் தண்ணீர் தெளியுங்கள்; காய்ந்த எச்சத்தின் தூசிதான் மூக்குக்குள் போகும்.

படி 6: பறவையிலிருந்து மனிதருக்கு எப்படி வருகிறது?

வைரஸ் ஒட்டிக்கொள்வது செல்லின் மேல் இருக்கும் சியாலிக் அமிலத்தில். அந்த அமிலம் செல்லோடு இணையும் விதத்தில் இரண்டு உண்டு. பறவைக் குடலில் இருப்பது ஒரு விதம்; மனிதரின் மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் இருப்பது இன்னொரு விதம். பறவை வைரஸ் நம் மூக்கில் சுலபமாக ஒட்டாததற்கு இதுவே காரணம். ஆனால் பறவை விதம் நம் உடலிலும் இரண்டு இடங்களில் இருக்கிறது: நுரையீரலின் அடி ஆழத்திலும், கண்ணின் மேல்சவ்விலும்.

நிறைய வைரஸ் உள்ளே போனால்தான் நுரையீரலின் அடிவரை எட்டும். நோயுள்ள கோழியை அறுத்து, இறகு பிடுங்கும்போது அவ்வளவு கிடைக்கும். அங்கே ஒட்டியபின் நோய் கடுமையாகும். கடும் நிமோனியா வரும்; உடலின் எதிர்ப்பு அமைப்பே அளவு மீறிக் கிளர்ந்து நுரையீரலை நீரால் நிரப்பும். 2003இலிருந்து உலகம் முழுக்க 900க்கும் மேற்பட்டவர்களுக்கு எச்5என்1 உறுதியானது; அவர்களில் பாதிப் பேர் அளவுக்கு இறந்தார்கள். லேசான நோயாளிகள் பரிசோதனைக்கே வராமல் போயிருக்கலாம் என்பதால் உண்மையான சாவு விகிதம் இதைவிடக் குறைவாக இருக்கும். ஆழத்தில் பெருகும் வைரஸ் இருமலில் சுலபமாக வெளியே வருவதில்லை. நோய் கடுமையாக இருப்பதற்கும் அடுத்தவருக்குப் பரவாமல் இருப்பதற்கும் பெரிய அளவில் ஒரே காரணம் இதுதான்.

கண் வழியும் முக்கியம். 2024 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ், கன்சாஸ் பகுதிப் பால்மாடுகளில் எச்5என்1 கண்டுபிடிக்கப்பட்டபோது உலகமே திகைத்தது. மாட்டின் மடியில் பெருகிப் பாலில் கொட்டியது வைரஸ். அங்கே தொற்றிய பால்பண்ணைத் தொழிலாளர்களில் பலருக்குக் கண் சிவந்ததுதான் முக்கிய அறிகுறி. பால் தெறித்த முகம், பால் பட்ட கையால் துடைத்த கண். பண்ணைப் பூனைகள் பச்சைப்பாலைக் குடித்துச் செத்தன. பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடிக்கும் நம் வழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

இந்தியாவில் முதல் மனிதச் சாவு 2021 ஜூலையில், டெல்லி எய்ம்ஸில் சிகிச்சை பெற்ற 11 வயதுச் சிறுவன். 2025 மார்ச்சில் ஆந்திராவின் பல்நாடு மாவட்டத்தில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது; அந்தக் குழந்தை வேகாத கோழித்துண்டைத் தின்றிருந்ததாகச் செய்திகள் வந்தன. அதற்குச் சற்று முன்னால்தான் நாக்பூரின் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் எச்5என்1ஆல் செத்திருந்தன. பூனை இனம் இந்த வைரஸுக்கு மிக எளிதில் இரையாகும். வீட்டுப் பூனைக்குப் பச்சைக் கோழிக் கழிவு போடுபவர்கள் கவனிக்க வேண்டும்.

படி 7: கறிக்கடையும் சமையலறையும்

உள்ளே 70 டிகிரி சூடு ஏறினால் வைரஸ் செத்துவிடும். நம் குழம்பும் வறுவலும் பிரியாணியும் அதைத் தாண்டி வேகின்றன. எலும்பருகே சிவப்பு இருக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. மஞ்சள் தடவினால் வைரஸ் சாகும் என்பது நம்பிக்கை மட்டும்.

முட்டை கொஞ்சம் வேறு. நோயுள்ள கோழி இட்ட முட்டையின் ஓட்டிலும், உள்ளேயும் வைரஸ் இருக்கலாம். அவித்த முட்டைக்கும் இருபுறமும் வெந்த ஆம்லெட்டுக்கும் தடையில்லை. உங்கள் பகுதியில் நோய் அறிவிக்கப்பட்டிருக்கும் நாட்களில் கலக்கியையும் ஹாஃப்பாயிலையும் தள்ளிப் போடுங்கள். வயதுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெயோடு பச்சை முட்டை கொடுப்பது, ஜிம்முக்குப் போகிறவர் பச்சையாக உடைத்துக் குடிப்பது, இரண்டுமே வேண்டாம். அவித்த முட்டையில் புரதம் குறைந்துவிடாது.

சமையலை விடச் சமையலுக்கு முந்தின பதினைந்து நிமிடம்தான் முக்கியம். கறியைத் திறந்த குழாயின் கீழே பிடித்துக் கழுவினால் நீர் முகத்தில் தெறிக்கும். பாத்திரத்தில் போட்டு மெதுவாக அலசுங்கள். கறி வெட்டிய கத்தியிலும் பலகையிலும் அப்படியே வெங்காயம், தக்காளி நறுக்க வேண்டாம். கை கழுவாமல் கண்ணைக் கசக்காதீர்கள். கடையில் உயிர்க்கோழியைப் பிடித்து, அறுத்து, டிரம்முக்குள் போடும் இடத்தில் குழந்தையைக் கூட்டிப்போய் வேடிக்கை காட்ட வேண்டாம். கடையில் வேலை பார்க்கும் தம்பிகளுக்குத்தான் உண்மையில் முகக்கவசமும் கண்ணாடியும் தேவை. வாங்கித் தர வேண்டியவர் முதலாளி.

படி 8: தொட்டுவிட்டீர்கள், இப்போது காய்ச்சல் அடிக்கிறது

நோயுள்ள பறவையைத் தொட்டவர் முதலில் சோப்புப் போட்டுக் குளித்து, உடையைத் துவைத்துவிட்டு, பத்து நாள் தன்னைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து நாளில் தெரியும். காய்ச்சல், இருமல், தொண்டைவலி, கண் சிவப்பு, சிலருக்கு வயிற்றுப்போக்கு. மூச்சு வாங்கினால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

மருத்துவரிடம் போனதும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்: "எங்க வீட்டுக் கோழிங்க போன வாரம் செத்துச்சு டாக்டர், நான்தான் எடுத்துப் போட்டேன்." டெங்குவும் டைபாய்டும் மலிந்த ஊரில், இதை நீங்கள் சொல்லாவிட்டால் எந்த மருத்துவருக்கும் பறவைக் காய்ச்சல் நினைவுக்கு வராது. சொன்னால் மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்து பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்புவார்கள், முடிவு வரும் வரை காத்திருக்காமல் ஒசெல்டாமிவிரை ஆரம்பிப்பார்கள். அந்த மருந்து 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. தமிழ்நாட்டில் சந்தேகம் கேட்க 104 இருக்கிறது.

படி 9: மனிதரிடமிருந்து மனிதருக்கு

எச்5என்1 இந்தப் படியை இன்னும் ஏறவில்லை. ஒரே வீட்டுக்குள் நெருங்கிப் பழகியவருக்குப் போன அரிதான சம்பவங்கள் உண்டு, சங்கிலியாகத் தொடர்ந்ததில்லை. ஏற எத்தனை மாற்றம் வேண்டும் என்று நெதர்லாந்தில் ரான் ஃபௌஷியே குழுவும், அமெரிக்காவில் யோஷிஹிரோ கவாவோகா குழுவும் ஃபெரெட் என்ற கீரி போன்ற விலங்கில் பரிசோதித்து 2012இல் வெளியிட்டார்கள். ஒரு கை விரல்களில் எண்ணக்கூடிய மாற்றங்களே போதுமாக இருந்தன. இப்படிப்பட்ட ஆராய்ச்சியைச் செய்யலாமா என்று அப்போது எழுந்த சண்டை இன்னும் ஓயவில்லை. 2023இல் பெருவிலும் சிலியிலும் பல்லாயிரம் கடற்சிங்கங்கள் செத்தன. பாலூட்டிகளுக்குள்ளேயே அது பரவியிருக்கலாம் என்பதுதான் அறிவியலாளர்களைக் கவலைப்பட வைத்தது.

மனிதரிடையே ஏற்கெனவே பரவிக்கொண்டிருக்கும் சாதாரண ஃப்ளூவை நாம் அலட்சியம் செய்வதுதான் எனக்குப் புரியாத விஷயம். உலகச் சுகாதார நிறுவனக் கணக்கில் ஆண்டுக்கு 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை அதன் மூச்சுக்கோளாறுகளால் இறக்கிறார்கள். 2009இல் பீதியைக் கிளப்பிய "பன்றிக் காய்ச்சல்" எச்1என்1 இப்போது அந்தச் சாதாரண ஃப்ளூக்களில் ஒன்று. பன்றிக்கும் இன்று நமக்கு வரும் காய்ச்சலுக்கும் தொடர்பில்லை, பக்கத்து இருக்கைக்காரருக்குத்தான் தொடர்பு. தொற்றி ஒன்றிலிருந்து நான்கு நாளில் காய்ச்சல் வரும். காய்ச்சல் தெரிவதற்கு முந்தின நாளிலிருந்தே பரப்ப ஆரம்பித்துவிடுவோம். அதன்பின் ஒரு வாரம் வரை. ஆகவே காய்ச்சல் பிள்ளையை மாத்திரை கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

தமிழ்நாட்டில் ஃப்ளூ ஏறுவது வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர், நவம்பரில். தடுப்பூசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும் என்பதால் செப்டம்பரில் போட்டுக்கொள்வது வசதி. கர்ப்பிணிகள், 65 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள், சின்னக் குழந்தைகள் முதலில். அப்புறம் கோழிப்பண்ணையிலும் கறிக்கடையிலும் வேலை செய்பவர்கள். அந்த ஊசி எச்5என்1ஐத் தடுக்காது. ஆனால் மனித ஃப்ளூவும் பறவை ஃப்ளூவும் ஒரே உடலில் சந்தித்து அந்த எட்டுத் துண்டுகளைக் கலந்துகொள்ளும் வாய்ப்பைக் குறைக்கும். பண்ணை முதலாளிகள் செலவை ஏற்றுக்கொண்டு ஆட்களுக்கு ஆண்டுதோறும் போட்டுவிடலாம். ஒரு கொட்டகை காலியாகும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் ஊசியின் விலை ஒன்றுமே இல்லை.